இறங்கிப்போன என்சைம்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒரு விவசாயியும், பரிசோதனைக்குத் துணை போய்த் திரும்பும் அவர் தங்கையும்.

“ரத்தத்துல புத்துநோயக் காட்டுற அந்த என்சைம் போன தடவைய விட எறங்கிருச்சாம், ஆத்தா. நம்ம கதை அவ்வளவுதான் போல.”

“எறங்குனா நல்லதுண்ணே. டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டுத்தான சொன்னாக?”

“மனசு ஒடையக் கூடாதுன்னு சிரிச்சிருப்பாக. எறங்குறது எப்படித்தா நல்லதாகும்? அணையில தண்ணி எறங்குனா நாத்து நட முடியுமா?”

“அது பெரியாறு அணை. இது ஒன் ஒடம்பு. குடல்ல கட்டி இருந்தப்ப ஏறிக் கெடந்துச்சு, எடுத்தப்பறம் எறங்குது. இப்படியே எறங்கிட்டே வந்தா பயப்பட வேணாம்னாக.”

“அப்ப ஏறவே கூடாதா?”

“கூடவே கூடாது.”

உத்தமபாளையம் தாண்டியதும் அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏ புள்ள, என்சைம் நல்லா எறங்கிருச்சு!”

போனில் எழுந்த அழுகை என் சீட்டுவரை கேட்டது. தங்கை போனைப் பிடுங்கினாள்.

“அழுகாதீக மதினி! வத்துனது அணை இல்ல, அண்ணன் வியாதி!”