லத்தீப் பூட்டித் தரவேண்டிய பெனல்

விஜயலெட்சுமி: இடுப்பு கழண்டு போச்சு மொதலாளியம்மா... கொஞ்சம் பொறுங்க, குந்திக்கிறேன்.

ஸகீனா: கூரையில ஏறினது ஒங்கட மாப்பிள்ளை எண்டீங்க. இடுப்பு நோவு ஒங்களுக்கா?

விஜயலெட்சுமி: ஏறினது எங்க வீட்டுக்காருதான். நான் ஏணியப் புடிச்சேன்... ஏணி புடிச்சாலும் வலிக்கும். நேத்து இருவத்திரெண்டு கிலோ கொழுந்து எடுத்த இடுப்பு.

ஸகீனா: அவர எறங்கச் சொல்லுங்க. தகரம் வழுக்கும்.

விஜயலெட்சுமி: அங்கேயே குந்தியிருக்கட்டும். எறங்கினா மறுபடி ஏறணும்... நீங்க சொல்லுங்க. பதுளையிலேந்து ஒரு கடைக்காரங்க, வித்த சாமான் எரியுதான்னு அவங்களே போன் எடுத்துக் கேக்குறது, இதான் நான் பாத்த மொதத் தடவ.

ஸகீனா: எங்கட அவர்தான் கேக்கச் சொன்னார். கொப்பியில ஒங்கட பேரும் நம்பரும் இருந்திச்சி. லுணுகலைப் பக்கத் தோட்டம், மேல் டிவிசன், சின்ன சோலார் செட் ஒண்டு எண்டு.

விஜயலெட்சுமி: லத்தீப் மொதலாளியே பேசலாமே. அவரு பேசினா போனே தேவையில்ல, இங்க கேக்கும்.

ஸகீனா: தொண்டை சரியில்ல அவருக்கு. பக்கத்துல இரிக்கிறார். நீங்க சொல்றத அவருக்குச் சொல்றன், அவர் சொல்றத ஒங்களுக்குச் சொல்றன்.

விஜயலெட்சுமி: அந்தத் தொண்டைக்கா வந்துச்சு... அன்னைக்குக் கடையில பெட்டரிய ஒத்தக் கையால தூக்கிக்கிட்டு, 'இதத் தலையில வச்சு லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனீங்கண்டா பொண்ணு பாக்க வந்த ஆக்கள் எண்டு நெனைப்பாங்க'ன்னு கடை பூரா கேக்கச் சிரிச்சாரு. ஞாயித்துக்கெழம வந்து கூரையில நானே பெனலப் பூட்டித் தாறன், கூலி வேணாம், ரொட்டியும் கட்ட சம்பலும் போதும்னாரு.

ஸகீனா: ரொட்டி கேட்டாரா?

விஜயலெட்சுமி: கேட்டாரு. நாலு ஞாயிறு சுட்டு வச்சேன். கோவமா சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. கடைக்காரருக்கு ஆயிரம் வேல இருக்கும். நாலாவது ஞாயிறு ரொட்டிய நாய்க்குப் போட்டுட்டு, நாமளே பூட்டிக்குவோம்னு ஏறிட்டேன்.

ஸகீனா: ஏறிட்டீங்க?

விஜயலெட்சுமி: ஏத்திட்டேன். அவர.

ஸகீனா: ம்... இப்ப என்ன கோளாறு?

விஜயலெட்சுமி: மொத ரெண்டு ராத்திரி நல்லா எரிஞ்சுச்சு. எதிர்மலையில நின்னவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் எரிஞ்சுச்சு. இப்ப பத்து நிமிஷங்கூட நிக்கிறதில்ல. வெளக்கு போனாப் போகட்டும், போனுக்குச் சார்ஜ் ஏறணும். எட்டு பர்சன்ட் காட்டுது. பாதியில கட்டாச்சுன்னா நான் வெட்டிட்டேன்னு நெனைக்காதீங்க.

ஸகீனா: பக்கத்து வீட்டுல போடேலாதா?

விஜயலெட்சுமி: பக்கத்து வீடு எங்க இருக்கு? போன கார்த்திகை மழையில லயத்துக்கு மேல மண்ணு வெடிப்பு விட்டுருச்சு. பதினோரு குடும்பத்தையும் எறக்கிட்டாங்க. கரண்டையும் வெட்டிட்டாங்க. இப்ப நாங்க மட்டுந்தான்.

ஸகீனா: நீங்களும் மாப்பிள்ளையும்.

விஜயலெட்சுமி: ம்.

ஸகீனா: ஏன் போகல்ல?

விஜயலெட்சுமி: அது பெரிய கத. இன்னைக்கு ராத்திரியிலேந்து மழைன்னு நேத்து வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல சொன்னாங்க. மண்ணு சரியிற மாதிரி இருந்தா, எறங்கி ஓடச் சொல்லி போனுக்குத்தான் செய்தி வரும். செத்த போனுக்கு என்ன செய்தி வரும்? மத்த நாள்ல பெரட்டுக்களத்துல சார்ஜ் போட்டுக்குவேன். இன்னைக்கு ஞாயிறு, ஆளில்ல. அதான் காலையிலயே ஏறி... ஏத்தி விட்டேன்.

ஸகீனா: கொஞ்சம் பொறுங்க, அவர்ட்டக் கேக்கிறன்... அந்தச் சின்னப் பெட்டி, கொன்ட்ரோலர், அதுல என்ன நம்பர் எண்டு கேக்கிறார்.

விஜயலெட்சுமி: ஏறுறதுக்கு முன்ன பாத்தேன். பதினொண்ணு புள்ளி ஒண்ணு.

ஸகீனா: அது... கொறைவு. பெட்டரி பசியில கெடக்குதாம்.

விஜயலெட்சுமி: தாள் பொரட்டுற சத்தம் கேக்குது.

ஸகீனா: பில் புத்தகம்.

விஜயலெட்சுமி: கடைச் சத்தம் ஒண்ணுமே இல்லியே. மணிக்கூடு ஓடுறது மட்டுந்தான் கேக்குது.

ஸகீனா: வீட்டுல இருந்து பேசுறன்... சரி, ஒண்டாவது, வயர் லூசா எண்டு பாக்கட்டாம். சிவப்பு கூட்டல் குறியில, கறுப்பு கழித்தல் குறியில.

விஜயலெட்சுமி: எல்லாம் இறுக்கித்தான் இருக்கு. பெட்டிக்குள்ள மொதலாளி எழுதி வச்ச துண்டப் பாத்துத்தான் செஞ்சது. மொத பெட்டரி, அப்புறந்தான் பெனல். மாத்திப் பூட்டினா பெட்டி கருகும்னு செவப்புப் பேனையில கோடு போட்டிருந்தாரு.

ஸகீனா: அவர்ட கையெழுத்து வாசிக்க ஏலுமா ஒங்களுக்கு?

விஜயலெட்சுமி: மூணு நாள் வாசிச்சேன். 'ப'வும் 'ய'வும் அவருக்கு ஒண்ணுதான்.

ஸகீனா: ஓம்... ஒண்டுதான். அந்தத் துண்டு இரிக்கா?

விஜயலெட்சுமி: சாமிப் படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்கேன். ஏன், திருப்பித் தரணுமா?

ஸகீனா: இல்ல. எறிஞ்சிராதீங்க, அவ்வளவுதான். ரெண்டாவது... பெனல்ல நெழல் விழுதா? மரம், கொடி?

விஜயலெட்சுமி: சபுக்கு மரம் ஒண்ணு மறைச்சுச்சு. கெளைய வெட்டியாச்சு.

ஸகீனா: தூசி, அழுக்கு?

விஜயலெட்சுமி: அழுக்கு எப்படி வரும்? படங்கு போட்டு மூடியில்ல வச்சிருக்கேன்.

ஸகீனா: என்ன போட்டு?

விஜயலெட்சுமி: படங்கு. கொழுந்துக்குப் போறப்ப இடுப்புல கட்டுற சாக்கு. பழசு ஒண்ணு கெடந்துச்சு.

ஸகீனா: எப்ப மூடுறீங்க?

விஜயலெட்சுமி: காலையில பெரட்டுக்குப் போகுமுந்தி. அஞ்சு மணிக்கு வந்து எடுத்துருவேன். ஞாயித்துக்கெழமையும் அப்படித்தான். கண்ணாடி பாருங்க, கூரையில கொரங்கு ஓடுது. துண்டுலயும் எழுதியிருக்கே, 'பெனலைத் துணியால் மூடவும்'னு.

ஸகீனா: அது பூட்டுற நேரத்துக்கு மட்டும்.

விஜயலெட்சுமி: அப்படிப் போடலியே.

ஸகீனா: வெயில் படாம எப்படி அக்கா அது...

விஜயலெட்சுமி: வெயில் வேணும்னு தெரியும். வெளக்கு ஆறு மணிக்குத்தான கொளுத்தணும்? அஞ்சு மணி வெயில் போதும்னு நெனச்சேன். புதுச் சாமான நாள் பூரா வெயில்ல போட்டுத் தேய விடுவானேன்.

ஸகீனா: தேயவா... அக்கா...

விஜயலெட்சுமி: சிரிக்கிறீங்களா?

ஸகீனா: இல்ல... ஓம். மன்னிச்சிக்கொள்ளுங்க. நான் சிரிச்சி மூணு மாசத்துக்கு மேல.

விஜயலெட்சுமி: சிரிங்க, சிரிங்க. இருவத்தெட்டு வருசம் வெயில்ல நின்னவளுக்கு வெயில எப்ப வாங்கணும்னு தெரியல. மொதலாளியும் சிரிக்கிறாரா?

ஸகீனா: கேட்டிருந்தா சிரிப்பார்.

விஜயலெட்சுமி: பக்கத்துல இருக்காருன்னீங்க.

ஸகீனா: ...எழும்பிப் போனார். மணி பதினொண்டு, நல்ல வெயில் நேரம். படங்க எடுக்கச் சொல்லுங்க.

விஜயலெட்சுமி: எடுத்தாச்சு.

ஸகீனா: அவருக்கு நீங்க ஒரு சொல்லும் சொல்லல்லியே.

விஜயலெட்சுமி: கண்ணக் காட்டினேன்.

ஸகீனா: நல்ல மாப்பிள்ளை. எங்கட ஆளுக்கு நூறு தரம் கத்த ஓணும்... சரி, வீட்டுக்குள்ள போய் பெட்டியப் பாருங்க. சூரியன் படம் வந்திருக்க ஓணும்.

விஜயலெட்சுமி: இருங்க, போன மடியில சொருகிக்கிறேன்... அம்மாடி... ஆடுது சனியன்... ம். எறங்கிட்டேன்.

ஸகீனா: ஏணிய யார் புடிச்சது?

விஜயலெட்சுமி: இருங்க, உள்ள போயி பெட்டியப் பாக்குறேன்.

ஸகீனா: சொல்ல விருப்பமில்லாட்டி வேணாம்.

விஜயலெட்சுமி: சூரியன் வந்துருச்சு. பதினொண்ணு ஒம்பது... பன்னெண்டு ரெண்டு. ஏறுது.

ஸகீனா: இன்னும் கொஞ்சம் ஏறட்டும். போன் எவ்வளவு?

விஜயலெட்சுமி: நாலு. பன்னெண்டு ஆறு... சார்ஜ் வயரக் குத்தட்டா?

ஸகீனா: குத்துங்க.

விஜயலெட்சுமி: குத்திட்டேன்... ஒண்ணும்... இருங்க. மின்னல் கோடு வந்துருச்சு. வந்துருச்சு தங்கச்சி.

ஸகீனா: இண்டைக்கு லைட் போடாதீங்க. போன் மட்டும். பெட்டரி நெறைய ரெண்டு மூணு நாள் வெயில் ஓணும்.

விஜயலெட்சுமி: இருட்டு பழகிருச்சு. ஆறு மணிக்குக் கதவச் சாத்தினா, பல்லி சத்தம்தான்.

ஸகீனா: இனிப் பகல்ல மூடேலாது. கொரங்குக்குப் பயமெண்டா, வீட்டுல இரிக்கிற ஆள் பாத்துக்கொள்ள ஓணும். வேலைக்குப் போறது நீங்கதானே. வீட்டுல ஆள் இருந்திருந்தா, பகல்ல மூடத் தேவையே இருந்திருக்காது அக்கா.

விஜயலெட்சுமி: அவரு மொனராகலையில இருக்காரு. கரும்புத் தோட்டம். நாலு வருசமாச்சு. அங்க வேற குடும்பம்.

ஸகீனா: ம்.

விஜயலெட்சுமி: எறக்கினவங்களுக்குக் குடுக்குற புதுவீட்டுப் பட்டியல் அவரு பேருல வந்துச்சு. அவரு கையெழுத்து வச்சாத்தான் சாவியாம். நான் எடுத்தா போனத் தூக்க மாட்டாரு. தனியாக் கெடக்குறா ஒருத்தின்னு ஊருக்குத் தெரிஞ்சா நல்லதில்ல. அதனால கேக்குறவங்களுக்கெல்லாம் கடைக்குப் போயிருக்காரு, தூங்குறாரு, கூரையில இருக்காரு. அவரு பழைய சட்ட ஒண்ணு கொடியில தொங்குது. யாரும் உடுக்காத சட்டைய வாரா வாரம் தொவைக்கிறேன்.

ஸகீனா: செய்தி வந்தா எறங்கிருவீங்களா? அதச் சொல்லுங்க.

விஜயலெட்சுமி: எறங்கிருவேன். கீழ ஸ்கூல் இருக்கு. போன தலமாட்டுலதான் வச்சுக்குவேன்... மொதலாளிகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க. நல்ல மனுசன், ஆனா வாய் நிக்காது.

ஸகீனா: அவர் சொல்ல மாட்டார்.

விஜயலெட்சுமி: அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் வாங்க. பூட்டுற வேலைதான் முடிஞ்சிருச்சே, சும்மா உக்காந்து ரொட்டி தின்னுட்டுப் போங்க. இந்த அஞ்சு மாசத்துல எங்கிட்ட யாரும் இவ்வளவு நேரம் பேசல... ஏன் தங்கச்சி மறுபடி தாளப் பொரட்டுறீங்க?

ஸகீனா: இது பில் புத்தகம் இல்ல அக்கா, அவர்ட கொப்பி. சோலார் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாது, இதுல இருந்ததத்தான் வாசிச்சன். ஒங்களுக்கு வாறன் எண்டு சொன்ன அந்தக் கிழமையே, ஞாயிறு வர முந்தி, வியாழக்கிழமை, நெஞ்சு நோவுது எண்டு சாய்ஞ்சவர் எழும்பல்ல, மௌத்தாப் போயிட்டார். நான் அவருக்காக இத்தாவில இரிக்கிறன். நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுப் படி எறங்கேலாது, இன்னும் பதினெட்டு நாள் இரிக்கு. ஆளில்லாத கடை எண்டு தெரிஞ்சா சாமானத் திருப்பிக் கொண்டு வருவாங்க எண்டு, தூரத்து ஆக்களுக்கெல்லாம் அவர் பக்கத்துல இரிக்கிறார் எண்டே சொல்லிக்கிட்டு வந்தன். அடக்கம் செய்ய மையத்து எடுக்க முந்தி, இவர்ட்டக் கடன் உள்ளவங்க சொல்லுங்க எண்டு கேட்டாங்க. வந்தவங்களுக்கெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. கொப்பியில ஒண்டு மட்டும் கோடு போட்டு வெட்டாமக் கெடக்கு. 'விஜயலெட்சுமி, ஒரு ஞாயிறு, பூட்டிக் குடுக்க.' அந்த ஒரு ஞாயிறு இன்னும் கடன்.