ஏழாம் நம்பர் மலையின் சிவப்புத் துணி

வெயில் ஏறும்வரை குளவி மனிதனைவிடச் சோம்பேறி. காலைக் குளிரில் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று சுருட்டுப் பிடிக்கலாம், ஒன்றும் செய்யாது. பத்து மணிக்கு மேல்தான் அதற்கு உயிர் வரும். அப்போதும் அது தானாக மனிதனைத் தேடிப் போகாது. இது தெரியாதவர்கள்தான் குளவியைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

என் பெயர் பிலிப்பு. வயது எழுபத்தொன்று. பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குளவி பார்க்கிற காவல் எனக்கு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன், அதற்குமேல் வேதப்புத்தகம் வாசித்துப் பழகிய எழுத்துத்தான். இருந்தாலும் விசாரணை ஐயாவுக்கு இதை நானே எழுதுகிறேன். முதல் தடவை நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் சொன்னதும் பொய்தான். ஆனால் அது வேறு விஷயம்.

என்னால் ஒரே இருப்பில் இருந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதினால் எழுந்து, வரிசையாக அறைகள் உள்ள இந்த லயத்தின் கோடி வரை நடந்துவிட்டு வருகிறேன். பக்கத்துக் காம்பராவில் என்னவென்று கேட்கிறார்கள். முழங்கால் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

என் வேலை இதுதான். கொழுந்து எடுக்கிற பெண்கள் மலைக்குப் போவதற்கு முன்னால் நான் போகவேண்டும். தேயிலைச் செடிக்கு அடியில், தண்ணீர் ஓடுகிற கானுக்குள், பாறை இடுக்கில் கூடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் ஒரு செடியில் சிவப்புத் துணி கட்டவேண்டும். துணி இருக்கிற பக்கம் யாரும் போகமாட்டார்கள். பொழுது சாய்ந்து குளவி எல்லாம் கூட்டுக்குத் திரும்பியதும் பந்தம் பிடித்து எரித்துவிட்டுத் துணியை அவிழ்க்கவேண்டும். துணி இல்லையென்றால் மலை சுத்தம். இதற்குக் கையெழுத்தும் இல்லை, புத்தகமும் இல்லை. நாற்பது பெண்கள் ஒரு கிழவனின் துணியை நம்பிக் குனிந்து கொழுந்து எடுப்பார்கள். தோட்டத்தில் நான் யாரையும் நம்பியதில்லை. என்னை மட்டும் ஏன் நம்பினார்கள் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

போன வருடம் அறுப்பின் பண்டிகைக்குப் பண்டாரவளையிலிருந்து வந்த போதகர் ஐயா எங்கள் ஜெபவீட்டில் பேசினார். பூமி நம்முடையது இல்லை, கர்த்தருடையது என்றார். மனிதன் அதற்கு உக்கிராணக்காரன் என்றார். எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. சொந்தக்காரன் ஊரில் இல்லாதபோது அவன் பொருளைப் பார்த்துக்கொள்கிறவன் என்று அவரே விளக்கினார். எனக்குப் பிடிபட்டுவிட்டது. துரை எங்கேயோ இருக்கிறார், மலையில் நிற்கிறவன் கங்காணி. ஆதாமைத் தோட்டத்தில் வைத்ததே அதைத் திருத்தவும் காக்கவும்தான் என்றார். சின்னஞ்சிறு பூச்சிக்கும் கணக்குக் கேட்கப்படும் என்றார்.

கூட்டம் முடிந்து அவர் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது நான் போய்க் கேட்டேன்.

"ஐயா, குளவியுமா?"

அவர் சிரித்தார். "குளவியுந்தாண்ணே" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். எழுபது வருடமாக என்னிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. பிள்ளையும் இல்லை, நிலமும் இல்லை. நான் இருக்கிற காம்பரா தோட்டத்துக் காம்பரா. முதல்முதலாக ஒரு பொறுப்பு வந்தது.

அதற்குப் பிறகு என்னால் கூட்டை எரிக்க முடியவில்லை. கண்ட கூட்டுக்குத் துணி கட்டினேன், ஆனால் அவிழ்க்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் ஓடைக்கரையில் ஒரு பாறை உண்டு. அதன் அடியில் கொழுந்துக்கூடை அளவு ஒரு கூடு. அந்தக் கரையில் இன்னும் கொஞ்சம் காடு மிச்சம் இருக்கிறது, ஊற்றும் இருக்கிறது. சுற்றிலும் ஐந்து துணி கட்டினேன். ஒரு கூட்டுக்கு ஐந்து துணி அதிகம்தான். நல்ல கொழுந்து நின்ற இடம், ஒரு மாதமாக யாரும் எடுக்காமல் முற்றிப்போனது.

நேசராணிக்கு அது பொறுக்கவில்லை. நேசராணி அந்த மலைப் பெண்களில் வாய் உள்ளவள். ஜெபவீட்டில் முன்வரிசையில் நின்று பாடுகிறவளும் அவள்தான். வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில், எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்தாள்.

"தாத்தா குளவிக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாருடி. இனி அதுங்க ஞாயித்துக்கெழம கொட்டாது."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இல்ல தாத்தா, தெரியாமத்தான் கேக்குறேன். பேரப்புள்ள இல்லாத கொறைக்குத்தான் குளவி வளக்கிறீங்களா?"

அதற்கும் சிரித்தார்கள். கருப்பம்மா மட்டும், "சும்மா கெடடி, பெரிய மனுசனப் பாத்து" என்றாள். கருப்பம்மா எனக்கு அடுத்த லயம். கால் வீங்கினவள். என் மனைவி இறந்தபோது மூன்று நாள் எனக்குச் சோறு கொண்டுவந்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நேசராணி அப்படிச் சொன்னதற்காகத்தான் நான் செய்தேன் என்று நாளைக்கு யாராவது சொல்லக்கூடும். அது காரணம் இல்லை. அந்தப் பேச்சை நான் அப்போதே மறந்துவிட்டேன். அவள் பச்சைச் சட்டை போட்டிருந்தாள், கையில் பாதி ரொட்டி இருந்தது, கடைசிச் சொல்லைச் சொல்லும்போது ரொட்டியை என் பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான்.

எழுந்து போய்விட்டு வந்தேன்.

அன்றைக்கே கங்காணி கிருபாகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நல்ல பையன், நாற்பது வயது இருக்கும்.

"தாத்தா, ரெண்டு நாள் தாறேன். எரிச்சிட்டுத் துணிய அவுத்துருங்க. இல்லாட்டி அந்தக் கரையவே வெட்டித் துப்புரவு பண்ணி மருந்தடிக்கச் சொல்லிருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

நிதானமாக யோசித்துப் பாருங்கள், ஐயா. எரித்தால் என்னிடம் ஒப்படைத்ததை நானே அழிக்கிறவன். எரிக்காவிட்டால் காடு, ஊற்று எல்லாம் போகும். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. மனிதன் எதற்கும் வேலி போடுவான், ஆனால் பயத்தைப்போல வேலி வேறு இல்லை. நாலு பேருக்கு நாலு கொட்டு விழுந்தால் ஏழாம் நம்பர் மலைப் பக்கம் அப்புறம் ஆள் வராது. குளவி கொட்டினால் வீங்கும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். எனக்கு எத்தனை தடவை கொட்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் பொழுது சாய, ஐந்து துணியையும் அவிழ்த்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கூட்டைத் தொடவில்லை.

மறுநாள் பெரட்டில் கிருபாகரன் நேசராணியின் ஆட்களை ஏழாம் நம்பருக்கு அனுப்பினான். கருப்பம்மா அந்த ஆட்களில் இல்லை. அவளுக்கு ரோட்டோரத்துச் சம மலைதான் கொடுப்பது. அன்று ஒருத்தி வராததால் அவளையும் சேர்த்துவிட்டான். அவள் கூடையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, துணியக் காணோமே. எரிச்சாச்சா?"

"ஆச்சு" என்றேன்.

"நல்லவேளை. எனக்கு ஓட ஏலாது பாருங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அப்போது அவளை நிறுத்தியிருக்கலாம். ஒரு ஆளை மட்டும் நிறுத்தினால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள். இதை நான் நடந்துகொண்டே யோசித்தேன்.

முதல் விசாரணையில், நான் பாறைக் கூட்டை எரித்துவிட்டேன், மரத்து உச்சியில் எனக்குத் தெரியாமல் இன்னொரு கூடு இருந்தது, அதைக் கழுகு அடித்துக் கலைத்துவிட்டது என்று சொன்னேன். நம்பினீர்கள். கழுகு கூட்டைக் கலைப்பது இந்தப் பக்கம் நடக்கிறதுதான். ஆனால் அன்று கழுகு வரவில்லை. மரத்தில் கூடும் இல்லை.

நான் பாறைக்கு மேல் மேட்டில், கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பத்தரை மணி இருக்கும். பெண்கள் கீழே பாறையைச் சுற்றி வந்துவிட்டார்கள். பாட்டுக்கூடக் கேட்டது. குளவி அதன்பாட்டுக்கு இருந்தது. முன்னமே சொன்னேன், அது தானாக மனிதனைத் தேடிப் போகாது. அவர்கள் அப்படியே எடுத்து முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நாளைக்கும் வருவார்கள், கூட்டைக் கண்டால் கரையை வெட்டுவார்கள். அதனால் ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். முதல் கல் தவறிவிட்டது. இரண்டாவது கல் பட்டது.

குளவி கலைந்தால் ஓடக்கூடாது. சாக்கைத் தலையோடு போர்த்திக் குப்புறப் படுத்து அசையாமல் இருக்கவேண்டும். வருடா வருடம் பெரட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். அன்று எல்லோரும் ஓடினார்கள். "படுங்க" என்று மேலிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். சத்தம் போட்டால் நான் அங்கே இருப்பது தெரியும்.

நேசராணி முதலில் தப்பிவிட்டாள். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவள், கருப்பம்மாவைக் காணாமல் திரும்பி வந்தாள். கிழவியைக் கீழே தள்ளி, தன் படங்கை அவள்மேல் போட்டு, தானும் மேலே விழுந்தாள். அது மிகச் சரியான செயல், நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். ஒரு படங்கு இரண்டு பேருக்குப் போதவில்லை. லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நேசராணி இறந்தாள். கருப்பம்மா மறுநாள் மத்தியானம் வரை இருந்தாள். "பிலிப்பண்ணனுக்கும் கொட்டிருச்சா?" என்று கேட்டாளாம். என்னிடம் வந்து சொன்னார்கள்.

அடக்கத்தில் போதகர் ஐயா பேசினார். முதல் மனிதனைக் கர்த்தர் தோட்டத்துக்குக் காவல் வைத்தார், அவன் மகனோ சொந்தத் தம்பியைக் கொன்றுவிட்டு, அவனுக்கு நானா காவல் என்று கேட்டான் என்றார். மரத்தையும் பூச்சியையும் பார்க்கச் சொன்னவர் பக்கத்தில் நிற்கிற ஆளையும் சேர்த்துத்தான் சொன்னார் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகையிலேயே அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அரைகுறையாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை.

மரத்தைப் பார்க்காமல் ஆட்களை அனுப்பினான் என்று கிருபாகரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி ஜெசிந்தினி வந்து, "தாத்தா, அவர் மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அழுதாள். சொல்கிறேன். அவன் மேல் தப்பில்லை. துணியை அவிழ்த்தது நான், எரித்தேன் என்று சொன்னது நான், கல்லைப் போட்டது நான். இரண்டு பேரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.

ஆனால் வன்மத்தில் செய்யவில்லை. ஒப்படைத்ததைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதையும் சேர்த்து எழுதவேண்டும்.

ஒன்றே ஒன்று மிச்சம். அன்றைக்குப் பொழுது சாய, லொறி போன பிறகு, நான் பந்தம் கட்டிக்கொண்டு பாறைக்குப் போனேன். மறுநாள் நீங்கள் பார்க்க வரும்போது அது எரிந்த கூடாக இருக்கவேண்டும் அல்லவா. குளவி எல்லாம் களைத்துத் திரும்பியிருந்தது, உள்ளே புழுக்கள் இருந்தன. ஒரு வருடமாக எரிக்க முடியாத கை அன்று தானாகப் பந்தத்தை நீட்டியது. சீக்கிரம் முடிந்துவிட்டது.

இப்போது ஏழாம் நம்பர் மலைக்கு யாரும் வருவதில்லை. கரையைப் போன வாரம் வெட்டிவிட்டார்கள். நான் தினமும் காலையில் போய் ஐந்து துணியையும் கட்டிவிட்டு வருகிறேன். அங்கே ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் சொந்தக்காரர் வந்து கேட்டால், காவலில் ஆள் இருந்தது என்று தெரியவேண்டும்.