மூலையில் ஒரு சின்னக் கட்டம்

போனில் தெரிவதை டிவியில் தெரிய வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். போனில் ஓரிடத்தைத் தொட்டால் டிவியின் பெயர் வரும். அதைத் தொட்டால், ‘இந்தப் போனை அனுமதிக்கலாமா’ என்று டிவி கேட்கும். ‘எப்போதும் அனுமதி’ என்று கொடுத்துவிட்டால் அதன் பிறகு ஜென்மத்துக்கும் கேட்காது. பெண் கொடுத்த வீட்டில் கூட எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடைத்ததில்லை.

டிவி ஷோரூமில் இதைச் செய்துகாட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. வருகிறவர்களின் போனை வாங்கி, அவர்கள் வீட்டுக் குழந்தையின் படத்தைச் சுவர் அகலத்துக்கு விரித்துக் காட்டுவேன். கூடவே ஒரு ஜோக் சொல்வேன். பாதிப் பேர் ஜோக்குக்காகவே டிவி வாங்கினார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஷோரூமை மூடியபோதுதான் யாரும் வாங்கவில்லை என்பது தெரிந்தது. அதிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை.

நீங்கள் கேட்டது மாமாவைப் பற்றி. வருகிறேன். எனக்கு எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும்.

என் மாமனார் சிரிக்கத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் சொன்னால் சிரிப்பார். நான் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். கோபமெல்லாம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் கதை முக்கால்வாசி வரும்போது டம்ளரை வைத்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். சிரிக்க வேண்டிய இடத்தை நான் எப்போதும் அவருடைய முதுகுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவர் வைத்த பெயர் ‘ரிமோட்’. ரிமோட் எங்கேம்மா என்று மகளிடம் கேட்பார். அவள் எடுத்து நீட்டினால், “இது இல்லம்மா, சோபாவுலயே கிடக்குமே, அது” என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நல்ல ஜோக்தான். ஜோக்கில் எனக்குப் பாரபட்சம் கிடையாது.

அவருக்கு ஒரு மகன், என் மனைவிக்குத் தம்பி. ஆறடி வளர்ந்த பிறகும் வீட்டில் அவன் பெயர் குட்டி. தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது வாசலில் பெரிய ரகளை. இனிமேல் உன் மூஞ்சியை எனக்குக் காட்டாதே என்று மாமா சொல்லிவிட்டார். அவன் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை, காட்டவே இல்லை. அப்பாவைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான் என்று என் மனைவிக்கும் அவன் மேல் ஆத்திரம். தன் போனில் அவன் நம்பரையே தடுத்து வைத்தாள். ஆக, அந்த வீட்டில் அவனோடு பேச்சு வார்த்தை உள்ளவன் நான் ஒருவன்தான். எனக்கு இளகிய மனசு. எறும்பு வரிசையைக் கூடத் தாண்டித்தான் போவேன்.

கோபம் ஆறிய பிறகு ஒரு நாள் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவராக என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“போன்ல வர்ற மூஞ்சிய இந்த டிவில பெருசா பாக்கலாமாமே. போன்ல பாத்தா எனக்குக் கண்ணு தெரியல.”

யார் மூஞ்சி என்று நான் கேட்கவில்லை. பார்க்கலாம் மாமா, நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அவருடைய அறை டிவியில் என் போனை இணைத்து, ‘எப்போதும் அனுமதி’ கொடுத்தேன். குட்டியிடம் நானே பேசி வைக்கிறேன் என்றும் சொன்னேன். தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார். நான் பேசுவதற்குள் குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம்.

வலது கை கால் போயிற்று. பேச்சு போயிற்று. கழுத்து வலது பக்கம் திரும்பாது. வாய் ஒரு பக்கமாக மேலே இழுத்துக்கொண்டது. பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பையனிடம், மாமா சிரிக்கிறாரா என்று கேட்டேன்.

“சிரிப்பு இல்ல சார், நரம்பு இழுக்குது. ஆனா நாம பேசறதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வராது.”

தண்ணீர் கொடுக்கும் முறையையும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். கட்டிலின் தலைப்பக்கத்தை பட்டனை அழுத்தி உயர்த்த வேண்டும். தண்ணீரில் பொடி கலந்து கஞ்சி போல ஆக்க வேண்டும். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். படுத்த வாக்கில் வெறும் தண்ணீர் ஒரு மடக்குக் கூடக் கூடாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்றான். என்னைச் செய்துகாட்டச் சொன்னான். நான் சரியாகச் செய்தேன். செய்துகாட்டுவது என் தொழில்.

மனைவி காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம்தான் வருவாள். மாமாவைக் கழுவுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பவுடர் போடுவது எல்லாம் நான். ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை, டாக்டரே பாராட்டினார். இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக் சொல்வேன். எழுந்து போக வழியில்லாத மாமா. வாயின் ஒரு பக்கம் மேலே ஏறியே இருக்கும். நரம்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காலமெல்லாம் முதுகைப் பார்த்துச் சொன்னவனுக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு குறை. அவர் என்னைப் பார்க்க மாட்டார். இடது பக்கம் போய் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். வலது பக்கம் திரும்ப முடியாது. அதனால் வலது பக்கத்தில், தலைமாட்டை ஒட்டி என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்க்காததற்கு அங்கே ஒரு காரணமாவது இருந்தது.

யார் மூலமோ விஷயம் கேள்விப்பட்டு ஒரு மதியம் குட்டி வீடியோவில் கூப்பிட்டான். நான் நல்ல எண்ணத்தோடுதான் டிவியில் போட்டேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். நிமிர்த்திப் பிடித்த போன் என்பதால் டிவியின் இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் நீளவாக்கில் குட்டி. கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் நான். படம் டிவிக்குப் போகும், பேச்சு என் கையில் போனிலேயே கேட்கும். மாமாவின் கண் இரண்டும் மகன் மேல் ஒட்டிக்கொண்டன. நான் ஒரு ஜோக் சொன்னேன். குட்டி சிரித்தான். மாமாவின் கண் அசையவில்லை. நான் மூலையில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அப்போது குட்டி தயங்கித் தயங்கிக் கேட்டான். “அத்தான், அப்பா பக்கத்துல இருக்காரா? என்னப் பாக்க சம்மதிப்பாரா?”

போனைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் முடிந்தது. நான் திருப்பவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் அப்போது தெரியாது.

“ஹால்ல உக்காந்து பேசறேன்டா. உன் பேர எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறார்” என்றேன்.

மாமாவின் கண் மகனை விட்டு நகர்ந்தது. கீழே, மூலைக்கு வந்தது. என் கட்டத்தில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று என் மனைவி பிறகு கேட்டாள். கவனம் இருந்தது. ஷோரூமில் நிற்கிறவனுக்குக் கவனத்தின் அருமை தெரியும்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. குட்டி கூப்பிடுவான், நான் டிவியில் போடுவேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவேன். எதிரே வெளிச்சமான டிவி இருந்தால் கண்ணாடியில் அப்படியே தெரியும். தொழில் தெரிந்தவன், அதனால் ஜாக்கிரதை. மனைவி கேட்டால், உன் தம்பி ஒரு போன் கூடப் பண்ணவில்லை என்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போவாள். குட்டியிடம், உன்மேல் அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்பேன். நேரில் வந்து நிற்கட்டுமா என்று ஒருமுறை கேட்டான். வந்தால் இந்த நிலைமையில் அவர் உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். ஒவ்வொரு தடவையும் மாமா என் கட்டத்தைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ ஓசை எழுப்பப் பார்ப்பார். நான் இருமிக்கொள்வேன்.

குட்டிக்குக் குழந்தை பிறந்தது. கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தான். டிவி உயரத்துக்கு ஒரு குழந்தை, கொட்டாவி விட்டது.

“தாத்தாகிட்ட காட்டுங்க அத்தான். ஒரு தடவ.”

நான் கேமராவை விரலால் மறைத்துக்கொண்டு, எழுந்து போய் வருவது போலப் போனைக் கொஞ்சம் ஆட்டினேன். “காட்டினேன்டா. கண்ண மூடிக்கிட்டார்” என்றேன்.

மாமா கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். மல்லாந்து படுத்தவர் அழுதால் கண்ணீர் காதுக்குள் இறங்கும், காது சீழ் பிடித்துவிடும். பஞ்சு எடுத்து நான்தான் ஒற்றி எடுத்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மனைவி சொல்கிறாள். கல்நெஞ்சக்காரன் பஞ்சு எடுப்பானா.

கடைசி நாளுக்கு வருகிறேன். இனிமேல் கூப்பிடப் போவதில்லை என்று குட்டி முந்தின நாளே செய்தி அனுப்பியிருந்தான். ஒரு தடவை பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன், அவரைத் தொந்தரவு பண்ண மனசில்லை என்று எழுதியிருந்தான். அதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைத்து வைக்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

மறுநாள் பேசும்போது நான் ஒரு தப்பு செய்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அது இல்லாவிட்டால் எனக்குப் பக்கத்தில் இருப்பதே கொஞ்சம் மங்கல். மகன் விடைபெறும்போது மாமா எங்கே பார்ப்பார், அவனையா என்னையா என்பதைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டேன்.

குட்டி பேசிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். போனுக்கு நெருங்கி வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு வலது கையை மெல்லத் தூக்கினான். டிவிக்குப் படம் ஒரு நொடி தாமதமாகத்தான் போகும். போனில் அவன் கை தூக்கிய பிறகு, டிவியில் ஒரு கை உயர்ந்தது. அது என் கண்ணாடியிலும் உயர்ந்திருக்க வேண்டும்.

“அத்தான், உங்க கண்ணாடில நான் தெரியறேன்” என்றான். குரலில் கோபமே இல்லை. “நீங்க ஹால்ல இல்ல. அப்பா ரூம்ல இருக்கீங்க. அவர் டிவில என்னப் போட்டிருக்கீங்க.”

நான் ஒரு ஜோக் யோசித்தேன். வரவில்லை.

அவன் என்னை விட்டுவிட்டான். என்னைத் தாண்டிப் பேசினான். “அப்பா, நான் பேசறது கேக்குதா? இவ்ளோ நாளும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?”

மாமாவின் தொண்டை ஏறி இறங்கியது. இருமக்கூட எனக்கு நேரமில்லை.

“குட்டி” என்றார்.

குழறலாகத்தான் வந்தது. ஆனால் எந்த மகனுக்கும் புரிந்திருக்கும். குட்டி அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தான். “வரேம்ப்பா. இப்பவே கிளம்பறேன். அத்தான், போன அப்பா பக்கம் திருப்புங்க.”

நான் அழைப்பைத் துண்டித்தேன். டிவியில் போனின் வெறும் முகப்பு வந்து நின்றது. மாமா அதையே பார்த்துக்கொண்டு, குட்டி குட்டி என்றார். மாமா, நான் இங்கே இருக்கிறேன் என்றேன். என்னைக் கூப்பிட அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. மூலையில் இப்போது கட்டமும் இல்லை. குட்டி வந்துவிட்டால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

இவ்வளவு நாள் கழித்துப் பேசிய மனிதர், தொண்டை காய்ந்திருக்கும். “தண்ணி குடிக்கிறீங்களா மாமா” என்று கேட்டேன். பெரிய டம்ளரில் கொண்டுவந்தேன். பொடி டப்பா மேஜையில்தான் இருந்தது. கட்டில் பட்டன் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஏன் தலையைத் தூக்கி வைக்கவில்லை என்று மனைவி திரும்பத் திரும்பக் கேட்கிறாள். மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன், மறக்கவில்லை. படுத்த வாக்கிலேயே வாயில் வைத்துச் சாய்த்தேன். டம்ளர் காலியாகும் வரை சாய்த்தேன். இன்னொரு டம்ளரும் கொண்டுவந்தேன்.

நடுவில் போனின் கேமராவைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தேன். அத்தனை அழைப்புகளிலும் ஒரு தடவை கூட அவரைக் காட்டாத கேமரா. டிவியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம், மாமாவும் மாப்பிள்ளையும், ஒரே படத்தில். என் ஷோரூம் ஜோக்குகளிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து நிதானமாகச் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடம் வரும் வரை அவர் இருந்தார், எழுந்து போகவில்லை.

நரம்பு என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். நான் டிவியில் பார்த்தேன், பெரிதாக, தெளிவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. அவர் சிரித்தார்.