கோணல் தையல்

மல்லாட்டை உருண்டைக்கு, வேர்க்கடலையை வறுத்துத் தோல் புடைத்துவிட்டு, வெல்லப்பாகை நன்றாக முறுக விட வேண்டும். இளம்பாகில் பிடித்தால் எல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் பிசுபிசுத்துவிடும். என் மகன் மணிமாறன் பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து நான்தான் பிடித்து அனுப்பினேன்.

அட்டைப்பெட்டி வழியில் பிய்ந்துவிடும் என்று அதன்மேல் காடாத் துணி போர்த்தித் தைப்போம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தையல் வேலையை மருமகள் அஸ்வினி எடுத்துக்கொண்டாள். திண்டிவனத்துப் பெண். நூல் பிடித்த மாதிரி தைப்பாள்.

மலைமேல் சண்டை நடந்த நாட்களில் அபூர்வமாகத்தான் போன் வரும். "உருண்டைய பசங்களே தின்னுட்டாங்கம்மா. துணிய மட்டும் யாருக்கும் குடுக்கல. தலைக்கு வச்சிக்கினு படுத்தாத்தான் தூக்கம் வருது" என்றான். அடுப்பில் வெந்தது நான். எனக்கு வலித்தது.

ஆவணியில் ஒரு மத்தியானம் அஸ்வினி நொண்டிக்கொண்டு வந்தாள். "மூட்டைய நவுத்தும்போது கால்ல ஏதோ கடிச்சிடுச்சி அத்தை." மூட்டைக்குப் பின்னால் பாம்பு நெளிந்து போனதை நான் பார்த்தேன்.

"எலியா இருக்கும்டி. ஜல்தியா தைச்சி முடி, பஸ் போயிடும்" என்றேன்.

என் பேச்சை அவள் தட்டியதில்லை. தைத்தாள். பாதியில் இமை சொருகியது. "கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்க அத்தை. அவருக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள். முதலில் தையலை முடி என்றேன். முடித்துக் கொடுத்தாள்.

எங்கள் ஊர் கெடாரிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் தபால் ஆபீசுக்குப் போனேன். வீடு திரும்பியபோது அவள் அதே இடத்தில் கிடந்தாள். உடம்பு சில்லென்று இருந்தது.

நான் விழுப்புரம் போன பிறகுதான் பாம்பு கடித்திருக்கிறது என்று ஊருக்குச் சொன்னேன். துப்பாக்கி பிடிக்கிற பிள்ளைக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றதற்குச் சம்பந்தியம்மாளும் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவன் போனில் கேட்டபோதெல்லாம், அஸ்வினி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அடுத்தடுத்த பார்சல்களை நானே தைத்தேன், அவள் தைப்பது போலவே.

தை மாதம் லீவில் வந்தவனிடம் எல்லோருமாகச் சேர்ந்து சொன்னோம். அவன் அழவில்லை. கொண்டுவந்த துணிகளை எடுத்துத் தரையில் பரப்பினான். அவள் செத்த தேதியின் தபால் முத்திரை குத்தியிருந்த துணியில் அவன் விரல் நின்றது.

"இதுல மட்டும் தையல் பாதியிலருந்து கோணிக்கினு போவுதே. நீ கெளம்பும்போது அவ நல்லாத்தான இருந்தான்னு சொன்ன. இத தைக்கும்போது அவளுக்கு என்னாச்சும்மா?"

அவனே அந்தத் துணிகளை எடுத்துக்கொண்டு என்னை உங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தான்.

ஆமாம், இன்ஸ்பெக்டர் ஐயா. கடித்தது பாம்பு என்று தெரிந்துதான் தைக்க வைத்தேன். தெரிந்துதான் விட்டுப் போனேன். எழுதிக்கொள்ளுங்கள். அவள் முன்பு தைத்த துணிகளையும் அந்தக் கோணல் துணியையும் ஓரமாக வைத்துவிட்டு மற்ற நான்கையும் பாருங்கள். நான் தைத்தவை. ஒன்றில்கூடக் கோணல் இல்லை. அவற்றையும் அவன் தலைக்கு வைத்துத்தான் படுத்திருக்கிறான். தூக்கம் வந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.