ஒரு தட்டுன்னா வை, ரெண்டு தட்டுன்னா பொறு

இல்லம்மா, பூட்ஸோட உள்ள வரக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. வந்துட்டே, சரி. ஆனா அந்த அலமாரிக்குக் கீழ ஒரு ஜோடி செருப்பு இருக்கு பாரு, பச்சை. விருந்தாளிங்களுக்குன்னு வெச்சிருக்கேன். யாரும் போட்டு ரொம்ப நாளாச்சு, அதனால புதுசு மாதிரிதான் இருக்கும். போட்டுக்கிட்டா எனக்கு ஒரு திருப்தி. ஆங், அப்படித்தான். ஜன்னலை மட்டும் திறந்துடாதே. முன்னாடி கதவும் பின்னாடி ஜன்னலும் ஒண்ணா திறந்திருந்தா நடுவுல நிக்கிறவன் கழுத்து பிடிச்சுக்கும். நீ படிச்ச பொண்ணு, நம்ப மாட்டே. நானும் படிச்சவன்தான். நம்புறேன்.

என்னது, தாத்தாவா? மாமான்னு கூப்பிடும்மா. தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் காலம் இருக்கு. திஹோமிர் மாமா. உன் டெலிபோன் கம்பெனி சட்டையில பேரு போட்டிருக்கே... நெவெனா. நல்லது.

போன் இதோ இருக்கு. தூக்கிப் பாரு, எவ்வளவு கனம். நாடு ஒண்ணா இருந்தப்போ செஞ்சது. நாடு உடைஞ்சுபோச்சு, இது உடையல. முந்தாநாள் காலையிலேருந்து ஊமை. எடுத்தா ஒரு இரைச்சல் கூட இல்ல. பஞ்சுக்குள்ள காதை வெச்ச மாதிரி இருக்கு.

சோதிச்சுப் பாக்காம உங்களைக் கூப்பிட்டிருப்பேன்னு நினைக்காதே. பிளக்கைக் கழட்டி, ஊதி, ஸ்பிரிட் தொட்டுத் தொடச்சு மாட்டினேன். ஒண்ணுமில்ல. சுருள் வயரை ஆட்டி ஆட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. பரண்ல ஒரு பழைய போன் கிடந்துச்சு, அதை எடுத்து இந்தச் சுவத்துல மாட்டினேன். அதுவும் ஊமை. ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னா பொய் அவங்களோடது இல்ல, சொல்லிக் குடுத்தவனோடது. அப்ப போன்ல கோளாறு இல்ல. அப்புறம் வயரைத் தடவிக்கிட்டே வாசல் வரைக்கும் முட்டி போட்டுப் போனேன். எலி கடிக்கல, ஈரம் இல்ல. என் வீட்டுக்குள்ள தப்பு இல்லன்னு முடிவுக்கு வந்தேன். என் வயசுல ஒரு மனுஷன் அபூர்வமா வர்ற முடிவு இது.

அட, பாராட்டாதே. கலைக்களஞ்சியம் அச்சடிச்ச இடத்துல பிழை திருத்துறவனா இருந்தேன். எங்க எழுத்து வரிசையில பாதி வரைக்கும் வந்தப்போ பணம் நின்னுச்சு, ஆளுங்க நின்னாங்க, புஸ்தகமும் நின்னுச்சு. அதனால முதல் பாதி எழுத்துல எதைக் கேட்டாலும் சொல்வேன். அனகோண்டா, ஆஸ்திரியா, பாலம் கட்டுறது. பின்பாதியில நான் பச்சைக் குழந்தை. டெலிபோன் பின்பாதியில வருது. சொந்தமாக் கத்துக்க வேண்டியதாப் போச்சு.

செல்போனா? இருக்கே, மேஜை டிராயர்ல. தங்கச்சி மக அனுப்பி வெச்சா. உங்க ஆபீசுக்கு அதுலதான் பேசினேன். ஒண்ணை அழுத்து, மூணை அழுத்துன்னு ஒரு பொம்பளை சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் அழுத்திக்கிட்டே இருந்தேன். கடைசியில அவகிட்ட நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுட்டேன். மெஷினாம்.

ம், எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அது இருக்கும்போது இது எதுக்குன்னு. கோவம் வந்தா செல்போனை என்ன பண்ணுவே? விரலால ஒரு தடவு. இதை ஓங்கி வைக்கலாம். அந்த சுகமே வேற. நான் ஒரு காரணம்தான் சொன்னேன். இன்னொண்ணும் இருக்கு, அப்புறம் சொல்றேன். நீ போய் முதல்ல அந்தப் பெட்டியைப் பாத்துட்டு வா. படிக்கட்டு திரும்புற இடத்துல, மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல, சாம்பல் கலர் மூடி. நான் காப்பி வைக்கிறேன். சர்க்கரை போடட்டுமா? நடுத்தரமா, சரி.

வந்துட்டியா. உக்காரு. முதல்ல இந்த சீமை மாதுளம்பழப் பாகு ஒரு கரண்டி, மேல ஒரு மடக்குத் தண்ணி. அப்புறம்தான் பேச்சு. வேலையா வந்தவங்களா இருந்தாலும் என் வீட்டுல இதுதான் முறை. எங்கம்மா, வரி வசூல்காரனுக்கே குடுத்திருக்கா. அவன் கரண்டியை நக்கிட்டுத்தான் வரியைக் கேட்டான்.

மாடிப் படியில மேல ஒரு மூட்டை இருந்துச்சா? நாலாவது மாடி வாசல்ல? மிளகா மூட்டை. பெரிய செவப்பு மிளகா, வறுத்து அரைக்கிறது. இன்னும் அங்கதான் இருக்கா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். கிராமத்துலேருந்து ஒருத்தன் கொண்டுவந்து போடுவான். நீ காப்பி குடி.

ஆமா, அந்தப் பெட்டிதான். பாத்ததே இல்லையா? பயிற்சியில கூட காட்டலையா? அதுதாம்மா இரட்டை லைன். அந்தக் காலத்துல ஊருக்கே போன் வேணும், கம்பி கிடையாது. அரசாங்கம் யோசிச்சுது. ஒரு கம்பியை ரெண்டாக் கிழிச்சு, ரெண்டு வீட்டுக்குக் குடுத்துச்சு. நம்பர் வேற வேற, கம்பி ஒண்ணுதான். ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் போன் ஊமையாயிடும். அவங்க பேசுறது உனக்குக் கேக்காது, நீ கத்தினா அவங்களுக்கும் கேக்காது. அவங்க வைக்கிற வரைக்கும் நீ காத்திருக்கணும். கல்யாணம் மாதிரிதான், ஆனா விவாகரத்து கிடையாது. மனு போட்டேன், ரெண்டு அரசாங்கம் கவுந்துச்சு, லைன் பிரியல.

எனக்கு வாய்ச்சவ மேல் வீட்டு ஸ்பாசெனியா. ஜவுளிக்கடையில துணி அளந்து குடுத்தவ. பேச்சும் மீட்டர் கணக்குதான். புருஷன் போய்ச் சேந்துட்டான். மகன் ஸ்வீடன்ல. தினம் காலையில அவன் கூப்பிடுவான், அப்புறம் நாத்தனார், அப்புறம் ஊறுகாய் பத்தி யாராவது. நான் எடுப்பேன், ஊமை. வைப்பேன். எடுப்பேன், ஊமை.

அதுக்குத்தான் குழாய். குளிருக்கு வீட்டைச் சூடாக்குற இந்த ரேடியேட்டர் குழாய் கீழேருந்து மேல வரைக்கும் போகுது, அவ சமையல்கட்டு வழியா. கரண்டியால ஒரு தட்டு தட்டினா, போதும் வை தாயேன்னு அர்த்தம். அவ ரெண்டு தட்டு தட்டினா, பொறுய்யா, முடிக்கலன்னு அர்த்தம். யாரும் சொல்லிக் குடுக்கல. இந்தக் கட்டடத்துல இரட்டை லைன் இருந்த எல்லா வீட்டுலயும் இப்படித்தான். சாயங்காலமானா கருமான் பட்டறை மாதிரி இருக்கும். இப்ப எல்லாரும் செல்போனுக்குப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேர்தான் மிச்சம். அவ செல்போனைத் தொட மாட்டா. மூளையைப் பொரிச்சுடுமாம். உனக்கு அந்த பயம் எதுக்கு, பொரிக்க ஏதாவது இருந்தாத்தானேன்னு சொல்ல ஆசை. ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.

இல்ல, பேசுறதே இல்ல. வருஷக் கணக்கா. சிரிக்காதே, சொல்றேன். எனக்கு லாயோஷ்னு ஒரு சிநேகிதன், சுபோதிட்சாங்கிற ஊர்ல. போன்லயே சதுரங்கம் ஆடுவோம். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு தடவை அவன் ராணியை நான் மடக்கிட்டேன். வாழ்நாள்ல முதல் தடவை. நகர்த்தலைச் சொல்லணும், போனை எடுக்கிறேன், ஊமை. ஒரு தட்டு. ரெண்டு தட்டு வருது. ஒரு தட்டு. ரெண்டு தட்டு. ஒரு மணி நேரம்மா! அதுக்குள்ள அவன் யோசிச்சு, தன் நகர்த்தலையே மாத்திக்கிட்டான். ராணி தப்பிச்சுட்டா. மறுநாள் கீழ அறிவிப்புப் பலகையில ஒரு கண்டனம் எழுதி ஒட்டினேன். நாகரிகமா, உட்தலைப்பெல்லாம் போட்டு. அவ பக்கத்துலயே பதில் ஒட்டினா. அதுல என்னை மூணு பிராணி பேர் சொல்லியிருந்தா. நான் சிவப்புப் பென்சில் எடுத்துக்கிட்டுப் போய்த் திருத்தி, அஞ்சுக்கு ரெண்டுன்னு மார்க் போட்டுட்டு வந்தேன். பாஸ்தானே போட்டேன்! அதுலேருந்து பேச்சு இல்ல. படிக்கட்டுல எதிர்ல வந்தா அவ சுவத்தைப் பாப்பா, நான் கைப்பிடிக் கம்பியைப் பாப்பேன்.

ஆனா தட்டுறது நிக்கல. எப்படி நிக்கும், லைன் ஒண்ணாச்சே. தொண்ணூத்தொன்பது வசந்தத்துல, ஊர் மேல குண்டு போட்டப்போ, நீ குழந்தையா இருந்திருப்பே, சைரன் ஊதி, வெடிச்சு, அடங்கினதும் நான் ஒரு தட்டு தட்டுவேன். மேலேருந்து ரெண்டு தட்டு வரும். அப்ப யாரும் போன்ல பேசிக்கிட்டிருக்கல, லைனே கிடையாது. ஆனாலும் அவ தட்டுவா. நானும் அப்புறம்தான் உக்காருவேன்.

அவ தட்டுறது தனி. மரக்கரண்டியால தட்டுவா, மிளகா விழுது கிண்டுற கரண்டி. மொத்தையா ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொண்ணு. ரெண்டாவது எப்பவும் பலமா இருக்கும். முதல் தட்டுலயே கோவம் வந்துடும்போல.

ஆமா, இன்னொரு காரணம் சொல்றேன்னேன்ல. எனக்கு யாரும்மா போன் பண்றாங்க? லாயோஷ் போய்ச் சேந்துட்டான். தங்கச்சி மக செல்போன்ல பொம்மை பொம்மையா அனுப்புவா. இது கடைசியா மணி அடிச்சது ஒரு அம்மா பல் டாக்டர் வீடுன்னு நினைச்சுத் தப்பா கூப்பிட்டப்போ. அந்தம்மாவோட ரொம்ப நேரம் பேசினேன், கடவாய்ப் பல் பத்தி எனக்குத் தெரியும், அது முதல் பாதியில வருது. பேச ஆள் இல்லாதவனுக்கு போன் எதுக்குன்னா... காலையில எந்திரிச்சு காப்பி வைக்கிறதுக்கு முன்னாடி ரிசீவரை எடுப்பேன். ஊமையா இருக்கும். அப்ப மேல ஆள் எந்திரிச்சாச்சு, ஸ்வீடன்காரன் கூப்பிட்டாச்சு, கட்டடத்துல யாரோ யார்கிட்டயோ பேசுறாங்கன்னு அர்த்தம். மனசாரத் திட்டிட்டு வைப்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா, ஊஊன்னு சத்தம் வரும். பேசி முடிச்சுட்டா. சரி, நாளு தொடங்கிடுச்சு. இதெல்லாம் அந்த டிராயர்ல இருக்கிறது சொல்லுமா? அது எப்பவும் தயாரா இருக்கு. எப்பவும் தயாரா இருக்கிறவங்களை நான் நம்புறதில்ல.

என்ன சொல்றே? பெட்டியில வயரெல்லாம் சரியா இருக்கா. உங்க பக்கத்துலேருந்து லைன் வருதா. அப்ப?

ம். மேல் வீட்டுல ரிசீவர் எடுத்தபடியே இருக்கு.

ம். தெரியும்.

காப்பி ஆறுது பாரு, குடி. தெரியும்மா. எலி கடிக்கலன்னு பாத்தப்பவே தெரியும். வேற என்னவா இருக்கும். முந்தாநாள் காலையில எப்பவும் போல எடுத்தேன், ஊமை. திட்டினேன். மத்தியானம் எடுத்தேன், ஊமை. அவ்வளவு நேரமெல்லாம் அவளாலயே பேச முடியாது. ஒரு தட்டு தட்டினேன். ஒண்ணும் வரல.

இரு, அவசரப்படாதே. அவ இப்படிச் செய்யக் கூடியவதான். அந்த சிவப்புப் பென்சில் விவகாரத்துல, என்னைப் பழி வாங்குறதுக்காக ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டு ஒரு வாரம் தன் தங்கச்சி வீட்டுக்குப் போனவ அவ. ஒரு வாரம்! அதனால இப்பவும் அப்படித்தான் இருக்கும்னு... ஏதாவது பண்ணியிருப்பேன் நான். நினைச்சு நினைச்சுப் பாக்கிறேன், புதுசா என்ன பண்ணேன்னு. ஒண்ணும் தோணல. ஒரு பொம்பளைக்கு என் மேல கோவம் இருக்கணும்னு இப்படி வேண்டிக்கிட்டது என் ஆயுசுல இல்ல.

நேத்து பாதிப் படி வரைக்கும் ஏறினேன். அந்தப் பெட்டிகிட்ட. அங்கேருந்து பாத்தா வாசல் தெரியும். மூட்டை அப்படியே கிடக்கு. மிளகாயை அவ வாசல்ல விட மாட்டா. அன்னன்னைக்கே வறுக்கணும்னு சொல்லிக் கட்டடத்தையே புகையால நிரப்புறவ.

போலீசா? போலீசைக் கூப்பிட்டு, அவங்க கதவை உடைச்சு, உள்ள அவ தலைக்குச் சாயம் பூசிக்கிட்டு உக்காந்திருந்தான்னு வையி. நான் ஊரை விட்டே போகணும். அப்படி இருந்தா போறேன், சந்தோஷமாப் போறேன். கதவு உடைக்க வேண்டியதில்லம்மா, சாவி இருக்கு. இதோ, இந்த ஆணியில. சண்டைக்கு முன்னாடி, பூச்செடிக்குத் தண்ணி ஊத்தக் குடுத்தது. திருப்பிக் கேக்கணும்னா பேசணும்ல, அதனால கேக்கவே இல்ல. என் சாவியும் அவகிட்டதான் இருக்கு.

நேத்து எடுத்தேன். பாதிப் படியில கால் நின்னுடுச்சு. அதான் உங்களுக்குப் போன் பண்ணேன். கோளாறுன்னு சொன்னா ஆள் அனுப்புவீங்கல்ல. யாராவது ஒருத்தர்.

உனக்கு உத்தியோகக் காரணம் இருக்கும்மா. பை இருக்கு, சட்டையில பேரு இருக்கு. நீ போய்க் கதவைத் தட்டு. திறந்தா, கீழ் வீட்டுக்காரன் புகார் குடுத்திருக்கான்னு சொல்லு. திட்டுவா. நல்லா திட்டட்டும், எனக்கு இங்க கேக்கும். திறக்கலன்னா, சாவியைப் பூட்டுல போட்டுக் கொஞ்சம் உன் பக்கமா இழுத்துத் திருப்பணும், அது பழைய பூட்டு.

இல்ல, நான் வரல. நான் இங்க குழாய் மேல கையை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ இருந்தா, ஒரு தட்டு தட்டச் சொல்லு. ரெண்டு தட்டினாலும் சரி, பொறுத்துக்கறேன், எவ்வளவு வேணாலும். ஆனா ஒண்ணும்மா, எனக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு நீ தட்டிடாதே.

எனக்குத் தெரிஞ்சுடும்.