பாடத்துக்காகச் செத்தவர்

முதலிபாளையம் போகும் பேருந்தில் புத்தகம் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்: "நா செத்துப்போனத மாப்ளை ஊட்டுக்காரங்க பாத்துட்டாங்க அம்மிணி."

அதன்பிறகு நான் பக்கம் புரட்டவில்லை.

"என்னங்கக்கா சொல்றீங்க?"

"ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கிற பசங்களுக்குக் காட்டறதுக்கு ஒரு வாத்தியார் படம் புடிச்சாரு. அதுல நா நெஞ்சுவலிக்காரி. டோக்கன் வாங்கிட்டு வரிசையில நின்னே செத்துப்போயிருவேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு பசங்க கண்டுபுடிக்கோணும். அது போன்ல சுத்துது."

"நடிப்புன்னு சொல்லறதுதானுங்க?"

"சொன்னேன். நோவில்லாம அப்படி நடிக்க முடியாதாமா. எம்பட புள்ளைக்கும் அந்த நோவு வருமாமா. சம்பந்தமே வேண்டாங்கறாங்க. புள்ளைக்கு அந்தப் பையனப் புடிச்சுப்போச்சு."

"வாத்தியாரையே பேசச் சொல்லுங்க."

"பேசுனாரு. 'அக்கா நெசமாவே செத்தாப்புல இருந்துச்சுங்க'ன்னு பெருமையாச் சொல்லிப்போட்டாரு."

யாரைத் திட்டுவதென்று எனக்கும் புரியவில்லை, இத்தனைக்கும் நான் படித்தவன்.

"அப்ப நீங்க பொழச்சுக்கற மாதிரி இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க."

"கேட்டுட்டேன் அம்மிணி. நா பொழச்சுட்டா பசங்களுக்குப் பாடமே இல்லாமப் போயிருமாமா."