ஜன்னல் ஓரம், ரெண்டு பேருக்கு

அங்கயா? அந்தப் படகுத்துறைப் பக்கமா? வேண்டாம் தம்பி, சொல்றதைக் கேளுங்க. ஹோட்டல்ல சாவி குடுக்கிற பொண்ணு வர்றவங்க எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவா. அந்த நூஹவுன் துறையில கலர் கலரா வீடு இருக்கும், படகு நிக்கும். போங்க, போட்டோ எடுத்துக்கங்க, வந்துடுங்க. சாப்பிட மட்டும் உக்காந்துடாதீங்க. வாசல்ல ஒருத்தன் நின்னு வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுக்கறான்னா உள்ள சாப்பாடு சரியில்லைன்னு அர்த்தம். மெனு அட்டையில மீன் படம் போட்டு, பக்கத்துல நாலு நாட்டுக் கொடி போட்டிருந்தாங்கன்னா அப்படியே அடுத்த தெருவுக்குத் திரும்பிடணும்.

நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கங்க. ஆளுக்கொரு மேசையில உக்காந்து எதுக்குக் கத்தணும்? உங்க ஊரு ஊமியோதானே? வாயைத் தொறந்தவுடனே தெரிஞ்சு போச்சு. எனக்கு ஹெர்னோசாண்ட். ஒரே கடற்கரைக்காரங்க நாம. இவங்க பேசற டேனிஷ் உங்களுக்குப் புரியுதா? சுடச்சுட உருளைக்கிழங்கை வாயில போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு எனக்கு. ஆரம்பத்துல எது கேட்டாலும் தலையாட்டிடுவேன். ஒரு நாள் மாட்டு நாக்கு வந்து நிக்குது. தின்னுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

இங்கயா? இங்க ஊறவச்ச ஹெர்ரிங் மீன்ல ஆரம்பிங்க. அதோட ஒரு ஸ்நாப்ஸ் சாராயம், சின்ன கிளாஸ்தான், பயப்படாதீங்க. அப்புறம் கறுப்பு ரொட்டி மேல பொரிச்ச தட்டைமீன். அப்புறமும் வயித்துல இடம் இருந்தா பன்னி வறுவல், தோலு அப்படியே அப்பளமா நொறுங்கும். அவசரப்படாதீங்க. மதியச் சாப்பாட்டுக்குத்தான் இந்த ஊர்ல போகணும். பொழுது சாஞ்சா எல்லாக் கடையிலயும் மெழுகுவத்தி ஏத்திடுவாங்க, அந்த வெளிச்சத்துல எது அழகு எது அழுக்குன்னு தெரியாது.

எப்படித் தெரிஞ்சுக்கிட்டேனா? எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான். மீன் விக்கிறவங்ககிட்ட கேக்கணும். அவங்க எந்தக் கடைக்கு நல்ல மீனைத் தனியா எடுத்து வைக்கிறாங்களோ அந்தக் கடை. இன்னொண்ணு, உள்ளூர்க் கிழவிங்க ரெண்டு பேரு தொப்பியைக் கூடக் கழட்டாம உக்காந்து சாப்பிடறாங்களா பாருங்க. அப்ப கண்ணை மூடிக்கிட்டு நுழையலாம்.

சிரிக்கிறீங்க. ஏதோ பொறந்ததுலருந்து ஓட்டல் ஓட்டலா சுத்துனவ மாதிரி பேசறேன்ல? தம்பி, அறுபத்திரண்டு வயசு வரைக்கும் மேசைத்துணி போட்ட கடையில நான் சாப்பிட்டதே கிடையாது. எங்க வீட்டுக்காரரு கம்பெனியில கிறிஸ்துமஸுக்கு ஒரு விருந்து போடுவாங்க, அது ஒண்ணுதான். மத்தபடி வீடு. வியாழக்கிழமைன்னா பட்டாணி சூப்பு, அப்புறம் பேன்கேக். சனிக்கிழமை எங்கயாவது போலாமான்னு கேட்டா, உன் கைப் பக்குவம் எந்தக் கடையில வரும் குன்வோர்னு கேப்பாரு. நானும் பூரிச்சுப் போயிடுவேன். அந்தப் புகழ்ச்சியிலயே முப்பத்தஞ்சு வருஷம் அடுப்பு முன்னாடி நின்னாச்சு.

டோர்க்னி. அவரு பேரு. மர ஆலையில பலகை விக்கிற வேலை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இந்த ஊருக்கு வருவாரு, இங்க பலகை வாங்குறவங்க இருந்தாங்க. கம்பெனி சாப்பாட்டுக்குச் சரியா குடுக்காது, தெருவுல சிவப்பு சாசேஜ் விக்கிற வண்டியில நின்னு தின்னுட்டுப் படுத்துடறேன்னு சொல்லுவாரு. எனக்கு மனசு கேக்குமா? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இறைச்சி உருண்டை பண்ணி, பீட்ரூட் சாலட் பண்ணி, ரொட்டிக்குள்ள வச்சு, ஈரம் படாம பேப்பர்ல சுத்தி டப்பாவுல குடுத்து விடுவேன். திரும்பி வந்தா டப்பா காலியா இருக்கும். உன் சாப்பாடு இல்லைன்னா செத்தே போயிருப்பேன்னு சொல்லுவாரு.

போன வருஷம் ஜனவரியில வாசல்ல பனியை வழிச்சுக்கிட்டு இருந்தாரு. டங்குன்னு சத்தம் கேட்டுச்சு, மண்வெட்டி விழுந்த சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா பனியில குப்புற கிடக்குறாரு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு.

ஐயோ, நீங்க ஏன் முகத்தை அப்படி வச்சுக்கறீங்க? அதெல்லாம் வேண்டாம் தம்பி. சாப்பிடுங்க. ஹெர்ரிங்கை அப்படி வெண்ணெய் இல்லாம சாப்பிடக் கூடாது. இந்தாங்க.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு அவரு போன் அடிக்குது. போன் எங்கிட்டதான் இருந்துச்சு. எடுத்தா இந்த ஊர் ரெஸ்டாரன்ட் ஒண்ணு. ஒரு பையன் ரொம்ப மரியாதையா பேசறான். வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல ஜன்னல் ஓரம், ரெண்டு பேருக்குத்தானேன்னு கேக்குறான். அடுத்து கேக்குறான், அவரோட வர்ற அம்மாவுக்கு இப்பவும் வால்நட் ஒத்துக்காதுதானே, சமையல்காரர்கிட்ட சொல்லி வச்சுடறேன்.

எனக்கு வால்நட் நல்லா ஒத்துக்கும் தம்பி. சட்டி நிறைய வச்சாலும் தின்னுடுவேன்.

என்ன சொன்னேனா? ஆமா, இப்பவும் ஒத்துக்காது, மேசையை அப்படியே வைங்கன்னேன். போனை வச்சுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். அதுக்கு முன்னாடி நான் தனியா ஸ்டாக்ஹோம் தாண்டினது இல்லை.

இல்லை, இந்தக் கடை இல்லை. அது ஏரிப் பக்கம். உள்ள நுழையறேன், ஜன்னல் ஓரம் ஒருத்தி உக்காந்திருக்கா. என் வயசுதான், சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்தா. வெள்ளி முடியைக் கட்டையா வெட்டி, கழுத்துல பச்சைச் சால்வை. வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. நடுவுல போன் பண்ணிக்கறது அவங்களுக்குள்ள வழக்கம் இல்லையாம், அதனால அவளுக்கு எதுவுமே தெரியாது. ரயில்ல வரும்போது என்னென்னவோ ஒத்திகை பாத்துட்டுத்தான் வந்தேன். தண்ணி கிளாஸை மூஞ்சியில ஊத்தணும், சால்வையைப் பிடிச்சு இழுக்கணும், இப்படி. போய் முன்னாடி நின்னு, நான் டோர்க்னி வீட்டுலருந்து வர்றேன்னு சொன்னேன். அவ உடனே எந்திரிச்சு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. நீங்கதானே அந்தத் தங்கச்சின்னு கேக்குறா.

அவருக்குத் தங்கச்சியே கிடையாது.

உக்காந்தேன். வேற என்ன பண்றது? அவ பேரு போடில். அவளே மளமளன்னு பேச ஆரம்பிச்சுட்டா. நீங்கதானே அவருக்கு ரொட்டி கட்டிக் குடுக்கறது? பாவம், அண்ணி போனதுலருந்து நீங்கதான் அவரைப் பாத்துக்கறீங்கன்னு சொல்லியிருக்காரு. அண்ணின்னா நான். நான் செத்துட்டேன். பன்னெண்டு வருஷம் ஆச்சாம் செத்து. என்ன வியாதின்னு கேட்டேன். நீங்க மறந்துட்டீங்களாங்கற மாதிரி பாத்துட்டு, கேன்சர்னா. அதைச் சொல்லும்போது டோர்க்னி அழுதாராம். செத்த பொண்டாட்டி பேரு என்னன்னு கூட வாய்விட்டுச் சொல்ல முடியலையாம் அவரால, அவ்வளவு துக்கம். அதனால என் பேரு குன்வோர்னு தைரியமா சொன்னேன். நல்ல பேருன்னா.

கேளுங்க, இன்னும் இருக்கு. உங்க ரொட்டியைப் பத்தி உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும், கோவிச்சுக்காதீங்கன்னு என் கையைத் தடவிக் குடுக்குறா. நாங்க இங்க சாப்பிடறதால அது அப்படியே இருக்கும், தூக்கிப் போட மனசு வராது. ரெண்டு பேருமா ஏரிக்கரைக்குப் போய் வாத்துக்குப் போடுவோம். இறைச்சி உருண்டையைக் கடல்காக்கா வந்து அவரு கையிலருந்தே கொத்திக்கிட்டுப் போகும், எவ்வளவு சிரிப்போம் தெரியுமான்னா.

அந்த வார்த்தையிலதான் தம்பி, எனக்கு உள்ள என்னவோ ஒண்ணு ஐஸ் மாதிரி உறைஞ்சு போச்சு. அவ மேல கோவம் கூட இல்லை. அவளும் ஏமாந்தவதான். விடியக்காலம் அந்தக் குளிர்ல நான் வெங்காயம் நறுக்குனது கண்ணு முன்னாடி வந்துச்சு. ஊத்தணும்னு நெனச்ச தண்ணியை எடுத்து நானே குடிச்சேன். குடிச்சுட்டு, டோர்க்னி போயிட்டாரும்மா, ஜனவரியில, பனி வழிக்கும்போதுன்னு சொன்னேன்.

அழுதா. கடையே திரும்பிப் பாக்குற மாதிரி அழுதா. என் தோள் மேல சாஞ்சுதான் அழுதா. நான் முதுகைத் தட்டிக் குடுத்துக்கிட்டே மெனுவைப் பாத்தேன்.

ஏன், பசிச்சுது எனக்கு! ராத்திரி பூரா ரயில்ல வந்தவ. அன்னிக்கு வாத்து நெஞ்சுக்கறி சாப்பிட்டேன், ஆரஞ்சு ஊத்தி. வாழ்க்கையில அப்படி ஒண்ணை என் நாக்கு பாத்தது இல்லை. சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன், எங்கெங்க போவீங்க, என்ன விரும்பிச் சாப்பிடுவாரு, எந்த மேசைன்னு. துக்கம் பாருங்க, கேட்டதுக்கு மேலயே சொன்னா. தங்கச்சிக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சிருப்பா. ஒண்ணு விடாம மனசுல வாங்கிக்கிட்டேன். கிறிஸ்டியான்ஸ்ஹவுன் கால்வாய் ஓரம் ஒரு கடை, மசல் சிப்பிக்கு. நோர்ரெப்ரோவுல ஒண்ணு, மான்கறிக்கு. இந்தக் கடை ஹெர்ரிங்குக்கு. அவரு உக்காருற இடம் நீங்க இப்ப உக்காந்திருக்கறதுதான்.

எந்திரிக்காதீங்க! நல்ல கதை. உக்காருங்க.

இப்ப மாசா மாசம் வர்றேன். ஒவ்வொரு கடையா. அவரு தின்னது எல்லாத்தையும் நானும் தின்னாச்சு, அவரு துணிஞ்சு கேக்காததையும் தின்னாச்சு. போடில் கூட ரெண்டு மூணு தடவை வந்தா. உங்க வீட்டுக்காரம்மா எங்க, வரலையா? என்ன சாப்பிட்டீங்கன்னு போன்ல கேட்டா என்ன சொல்லுவீங்க? சாசேஜ்னு சொல்லிடாதீங்க தம்பி. தட்டைமீனுன்னா தட்டைமீனுன்னே சொல்லுங்க.

மணி என்ன ஆச்சு? ஒண்ணாயிடுச்சா? ஒரு நிமிஷம், ஒரு போன் பண்ணிடறேன். அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

யாருக்கா? டோர்க்னிக்குத்தான்.

உங்ககிட்ட எப்ப சொன்னேன் செத்துட்டாருன்னு? அது போடிலுக்குச் சொன்னது. ஹெர்னோசாண்ட்ல ஒரு பராமரிப்பு இல்லத்துல இருக்காரு. வலது பக்கம் பூரா போச்சு, பேச்சும் போச்சு. தொண்டை முழுங்காது, அதனால வயித்துல குழாய் போட்டு ஏதோ வெள்ளையா ஒரு தண்ணியை விடறாங்க. வாயில ஒரு சொட்டு படக் கூடாதாம். ஆனா காது நல்லா கேக்குது. புத்தியும் தெளிவா இருக்கு, எல்லாம் புரியும்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதைக் கேட்டப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. அங்க அன்னெலின்னு ஒரு நர்ஸ் பொண்ணு, தங்கமான பொண்ணு. குழாயை மாட்டிட்டு போனைக் காதுல வச்சுப் பிடிச்சுக்குவா. உங்க குரல் கேட்டா அவரு கண்ணுலருந்து தண்ணியா வழியுதும்மா, இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சொல்றா.

நீங்க சாப்பிடுங்க தம்பி, ஆறிடப் போகுது.

அன்னெலி? ஆமா, நான்தான். குழாய் மாட்டியாச்சா? சரி, காதுல வை.

டோர்க்னி. கேக்குதா? நான் நம்ம ஹெர்ரிங் கடையில இருக்கேன், ஜன்னல் ஓரம். முதல்ல ஹெர்ரிங் வந்துச்சு. மூணு தினுசு. கடுகு போட்டது, கறி மசாலா போட்டது, உங்களுக்குப் பிடிச்ச அந்த வெங்காயம் போட்டது. வாயில வச்சவுடனே கரையுது. அப்புறம் தட்டைமீன், வெண்ணெயில பொரிச்சு, ஓரமெல்லாம் பொன்னிறமா. நேத்து போடில் வந்திருந்தா. மான்கறி சாப்பிட்டோம். அவளோட ஒருத்தர் வந்திருந்தாரு, நல்ல மனுஷன், பாய்மரப் படகு ஓட்டறவராம். பூரா நேரமும் சிரிச்சுக்கிட்டே இருந்தா. உங்க பேச்சை ஒரு தடவை கூட எடுக்கல.

அழாதீங்க. இன்னும் இனிப்புக்கு வரலை.